அன்றன்றைக்கு வேண்டிய பலம்

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. அடுப்படிக்கும் நோயாளியின் கட்டிலுக்கும் நடுவே நாளைக் கழிக்கிற எத்தனையோ பேர் இதே கேள்வியை மனசுக்குள் வைத்துக்கொண்டு வெளியே சொல்லத் தயங்குகிறார்கள். அதனால் உங்கள் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு, எல்லோரும் படிக்கிற மாதிரியே பதில் எழுதுகிறேன்.

விடியுமுன் எழுந்து பிள்ளைகளுக்குச் சோறு கட்டி அனுப்புகிறீர்கள். பக்கவாதத்தில் படுத்திருக்கும் அத்தையைப் புரட்டிப் படுக்க வைத்து, துடைத்து, கஞ்சி ஊட்டுகிறீர்கள். இரவில் வேதாகமத்தைத் திறந்தால் இரண்டு வசனத்துக்குமேல் கண் நிற்பதில்லை. வருடப் பிறப்பு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டை கண்ணாடி ஓரத்தில் செருகியபடி இருக்கிறது. அதைப் பார்த்தால் முன்போல உள்ளம் பொங்குவதில்லை. சாட்சிக் கூட்டத்தில் மற்றவர்கள் எழுந்து எழுந்து பேசும்போது, சொல்ல ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். என் விசுவாசம் செத்துப்போயிற்றா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. நீங்கள் களைத்துப்போயிருக்கிறீர்கள். களைப்பு வேறு, அவிசுவாசம் வேறு. நாம்தான் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். வேதம் ஒருநாளும் குழப்பவில்லை.

எலியாவை நினைத்துப் பாருங்கள். கர்மேல் மலையில் ஊரே பார்க்க வானத்திலிருந்து அக்கினியை இறக்கின மனிதர். அடுத்த அதிகாரத்திலேயே யேசபேலுக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கிறார். அப்போது வந்த தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் கொண்டுவந்து வைக்கிறான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறார். தூதன் அதையும் தடுக்கவில்லை. தூங்கவிட்டு, இரண்டாம் தரம் எழுப்பி, இன்னும் சாப்பிடு, போகவேண்டிய தூரம் அதிகம் என்கிறான். ‘இங்கே உனக்கு என்ன வேலை’ என்ற கேள்வி நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போய்ச் சேர்ந்தபிறகுதான் வருகிறது. தூக்கம், சோறு, அதற்குப் பிறகு பேச்சு.

இதே வரிசையைத் திபேரியா கடற்கரையிலும் பார்க்கலாம். ராத்திரி முழுக்க வலை போட்டு ஒன்றும் அகப்படாதிருந்த சீஷர்களுக்கு, உயிர்த்தெழுந்த ஆண்டவர் கரிநெருப்பில் மீன் வைத்து, அப்பமும் வைத்துக் காத்திருந்தார். மூன்று முறை மறுதலித்த பேதுருவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். ‘என்னை நேசிக்கிறாயா’ என்று அவரிடம் கேட்டது எல்லோரும் சாப்பிட்டு முடித்தபிறகு. யவீருவின் மகளை எழுப்பினபோதும் அந்த வீட்டாருக்கு இயேசு சொன்னது, பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்பதைத்தான்.

இதையெல்லாம் உங்களிடம் சொல்லக் காரணம் இருக்கிறது. ஆண்டவர் தாமே செய்த வேலையைத்தான் நீங்கள் தினமும் அந்தக் கட்டிலருகில் செய்கிறீர்கள். கஞ்சி ஊட்டுகிற நேரம் ஜெபத்திலிருந்து திருடிய நேரம் என்று எண்ணாதீர்கள்.

திருநெல்வேலிச் சீமையின் சபைகளில் பிடியரிசி எடுக்கிற வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் அம்மா அதை விட்டதே இல்லை. உலைக்கு அரிசியை அளந்து சுளகில் கொட்டியபிறகு, அதிலிருந்து ஒரு கைப்பிடியைத் திரும்ப அள்ளி, மூலையிலிருந்த மண்கலயத்தில் போடுவார். உதடு ஏதோ முணுமுணுக்கும். என்னவென்று கேட்டால் சொல்லமாட்டார். கடன் வாங்கி அரிசி வாங்கிய மாதங்களிலும் அந்தக் கை கலயத்துக்குப் போனது. அந்தப் பிடி மட்டும் கொஞ்சம் சிறியதாக இருக்கும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அதைப் பையில் கொட்டிக் கோயிலுக்கு எடுத்துப்போவோம். எங்கள் வீட்டில் உருக்கமான ஜெபம் செய்யத் தெரிந்தவர் அப்பா. ஆனால் கர்த்தர் இருக்கிறார் என்று எனக்குள் பதிந்தது அம்மாவின் அந்தக் கையைப் பார்த்துத்தான். இப்படிச் சொல்வதால் அப்பாவுக்கு ஒரு குறையும் இல்லை.

சாறிபாத் ஊர் விதவையிடமும் ஒரு பிடி மாவுதான் இருந்தது. எலியாவுக்கு அடை சுட்டுக் கொடுத்தபிறகு அவள் பானை நிரம்பி வழிந்ததாக வேதம் சொல்லவில்லை. மாவு தீர்ந்துபோகவில்லை, எண்ணெய் குறையவில்லை என்றுதான் சொல்கிறது. பஞ்ச காலம் முழுக்க அவள் ஒவ்வொரு நாளும் பானைக்குள் கையை விட்டு, இன்றைக்கும் இருக்கிறது என்று பார்த்திருப்பாள். நாம் எதிர்பார்ப்பது நிரம்பிய பானையை. சாட்சிக் கூட்டத்தில் பெரும்பாலும் அதைப் பற்றித்தான் பேசுகிறோம். அது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால், இன்றைக்குச் செய்யவேண்டியதைச் செய்ய இன்றைக்குப் பலம் இருந்தது என்று ஒருவர் எழுந்து சொன்னால், அதுவும் முழுச் சாட்சிதான். அடுத்த கூட்டத்தில் உங்களுக்கு மனம் வந்தால் அதைச் சொல்லுங்கள். கேட்டுக்கொண்டிருக்கிறவர்களில் யாருக்காவது அது தேவையாக இருக்கும்.

பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து கார்மேல் சபை மடமொன்றில் சகோதரர் லாரன்ஸ் என்றொருவர் இருந்தார். போரில் காயப்பட்ட பழைய சிப்பாய். மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையலறை. அந்த வேலை அவருக்கு இயல்பாகவே பிடிக்காது. ஆனாலும் பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலேயே தேவனோடு பேசிக்கொண்டிருக்கப் பழகினார். அவர் 1691-இல் இறந்தபிறகு அவருடைய கடிதங்களையும் உரையாடல்களையும் தொகுத்து வெளியிட்டார்கள். அவரை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் முதல் பத்து வருடம் உள்ளுக்குள் மிகவும் தவித்ததாக அவரே எழுதியிருப்பதை அதிகம் பேர் சொல்வதில்லை. உங்களுக்கு அந்தப் பகுதிதான் உதவும்.

நம் பக்கத்திலேயே டோனாவூர் இருக்கிறது. அங்கே பிள்ளைகளை வளர்த்துவந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் கீழே விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதன்பின் 1951-இல் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருடம், பெரும்பாலும் அறைக்குள்ளேயே வாழ்ந்தார். நூற்றுக்கணக்கான பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும்! நோயாளிகளுக்கென்று நல்ல சுகத்தோடு இருப்பவர்கள் எழுதிய புத்தகங்கள் தமக்கு ஒத்துவரவில்லை என்று உணர்ந்து, படுக்கையிலிருந்தே மற்ற நோயாளிகளுக்காக எழுதினார். தம் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவைத்திருந்தார். பறவைகள் தண்ணீர் குடிக்கப் பிள்ளைகள் ஒரு தொட்டியை வைத்து, அதில் ‘அம்மா’ என்று மட்டும் பொறித்தார்கள். படுத்திருக்கும் ஒருவர் பயனற்றவர் என்ற நினைப்பு உங்களுக்கு வந்தால், உங்கள் அத்தைக்கு வந்தாலும், அந்த அம்மையாரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி, ஜெபிக்க வார்த்தை வரவில்லை என்கிறீர்களே, அதைப் பற்றி. 88-ஆம் சங்கீதத்தைத் திறந்து வையுங்கள். தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே புலம்பல். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பும். இது திரும்பாமலே முடிகிறது. அதையும் சேர்த்துத்தான் பரிசுத்த வேதாகமம் என்று கையில் ஏந்துகிறோம். ஆறுதல் வராத இரவுக்கும் ஒரு ஜெபம் அதில் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு வசனத்தில் கண் மூடினால், இரண்டு வசனம் போதும். படுத்துத் தூங்குங்கள்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அத்தைக்குப் பேச்சு போய்விட்டது. ஆனால் நீங்கள் துணி மடித்தபடி பழைய கீர்த்தனை ஒன்றைப் பாடினால், அவர்களும் கூடச் சேர்ந்து சொற்களோடு பாடுகிறார்கள் என்று. அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். மூளையின் இடது பக்கம் பாதிக்கப்பட்டுப் பேச்சிழந்தவர்களில் சிலருக்கு, ராகத்தோடு சேர்ந்த சொற்கள் மட்டும் வாயில் வரும். மருத்துவர்கள் வெகுகாலமாக அறிந்த விஷயம் இது. பேச்சுப் பயிற்சிக்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள். அத்தையைப் பார்க்கும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். காரணம் தெரிந்துவிட்டதால் எனக்கு நன்றி குறைந்துவிடவில்லை. தண்ணீர் வேண்டும் என்று கேட்க முடியாத ஒருவரால் ஆண்டவரைப் பாட முடிகிறது. அதுவும், விசுவாசம் செத்துப்போயிற்றோ என்று பயப்படுகிற உங்கள் குரலைப் பிடித்துக்கொண்டு. அன்றாடம் உங்கள் வீட்டில் நடக்கிற ஆராதனை இது. குடும்ப ஜெபத்துக்கென்று தனியாக நேரம் ஒதுக்க முடியாத நாட்களில், அத்தையைத் துடைக்கும்போது ஒரு சரணம் பாடுங்கள். பிள்ளைகளும் கேட்கட்டும்.

கடைசியாக ஒன்று, இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே இருக்கப்போகிறேன். உதவி கேட்க வெட்கமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனை நான்குபேர் கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு அவர்கள் விசுவாசத்தைப் பார்த்துத்தான் பேசினார் என்று மாற்கு எழுதுகிறார். மக்கெதோனியாவில் உள்ளும் புறமும் நெருக்கப்பட்டிருந்த பவுல், தேவன் தம்மைத் தேற்றினார் என்று எழுதும்போது, எப்படித் தேற்றினார் என்றும் சொல்கிறார்: தீத்துவை அனுப்பித் தேற்றினார். அப்படிப்பட்ட அப்போஸ்தலனுக்கே ஒரு ஆள் வந்து சேர வேண்டியிருந்தது.

ஆகவே வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகரின் மனைவி ஐயரம்மாவைப் பார்த்துப் பேசுங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து வாரத்தில் ஒரு மத்தியானம் யாராவது வந்து அத்தையோடு இருக்க முடியுமா என்று கேளுங்கள். சுற்றி வளைக்காமல், எனக்குத் தூங்க வேண்டும் என்றே சொல்லுங்கள். வருகிறவர்களுக்குப் பலகாரம் செய்யக் கிளம்பிவிடாதீர்கள். தூக்கம் கிடைத்த பிறகும் வாரக்கணக்கில் மனசு இருண்டே கிடந்தால் மருத்துவரிடம் போங்கள். லூக்காவும் மருத்துவர்தான்.

அத்தைக்கு என் ஸ்தோத்திரத்தைச் சொல்லுங்கள். அவர்கள் பாடுகிற கீர்த்தனை எது என்று நீங்கள் எழுதவில்லை. நேரம் கிடைத்தால் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

கர்த்தருக்குள் அன்புடன்,
உங்கள் சகோதரி