முதலில் எதைத் தள்ளுவது?



எஸ்.பி.எம். முடிவுகள் வெளிவந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு முடிந்ததும் ஒரு தங்கை என்னிடம் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அது நிறைய கல்லூரி விளம்பரத் தாள்கள்.

"அண்ணா, எனக்கு அக்கவுண்டன்ட் ஆகணும். அதுல சந்தேகம் இல்ல. எந்த வழியில போறதுன்னுதான் தெரியல. ஆளாளுக்கு ஒன்னு சொல்றாங்க. தூக்கமே வரல," என்றார்.

கல்விக் கண்காட்சி ஒன்றில் ஒரு கல்லூரிக்கு 500 ரிங்கிட் முன்பணமும் கட்டியாகிவிட்டது. அப்பா லாரி ஓட்டுநர். அந்தப் பணத்தை நினைத்தால் வேறு கல்லூரியைப் பற்றி யோசிக்கவே பயமாக இருக்கிறது என்றார்.

நம்மில் பலர் "எது சிறந்தது?" என்ற கேள்வியோடுதான் யோசிக்கத் தொடங்குகிறோம். அது கடினமான கேள்வி. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய எளிய கேள்வி ஒன்று உண்டு: "யாரிடமும் வாதாடாமல் எதை இப்போதே தள்ளிவிடலாம்?" இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

மேலோங்கல் என்றால் என்ன?

முடிவெடுக்கும் கலையில் இதற்கு ஒரு விதி இருக்கிறது. ஆங்கிலத்தில் 'டோமினன்ஸ்' என்பார்கள். நாம் 'மேலோங்கல்' என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டு தெரிவுகளை எல்லா அளவுகோல்களிலும் ஒப்பிடுங்கள். முதலாவது எந்த ஓர் அளவுகோலிலும் இரண்டாவதைவிடக் குறையவில்லை. குறைந்தது ஓர் அளவுகோலிலாவது அதைவிடக் கூடுதலாக இருக்கிறது. அப்படியானால் முதலாவது இரண்டாவதை மேலோங்குகிறது. இரண்டாவதைத் தள்ளிவிடலாம்.

இதில் ஒரு பெரிய வசதி உண்டு. பணம் முக்கியமா, காலம் முக்கியமா என்று அப்பாவும் மகளும் சண்டை போட வேண்டியதில்லை. யாருக்கு எது முக்கியமாக இருந்தாலும், எல்லாவற்றிலும் தோற்ற தெரிவு தோற்றதுதான்.

தாளில் எழுதிப் பார்த்தோம்

தங்கையும் நானும் ஐந்து தெரிவுகளை எழுதினோம். அளவுகோல்கள் நான்கு: மொத்தச் செலவு, முடிக்கும் காலம், அரசுப் பல்கலைக்கழகத்தில் நுழையும் வாய்ப்பு, அந்தச் சான்றிதழோடு உடனே வேலைக்குப் போக முடியுமா என்பது. தொகைகள் அந்தக் குடும்பம் போட்ட கணக்கு. உங்கள் கணக்கு வேறாக இருக்கும்.

அ. பக்கத்துப் பள்ளியில் படிவம் ஆறு: 3,000 ரிங்கிட், 18 மாதம், வாய்ப்பு அதிகம், உடனே வேலை கடினம்.

ஆ. மெட்ரிகுலேஷன்: 2,500 ரிங்கிட், 12 மாதம், வாய்ப்பு அதிகம், உடனே வேலை கடினம்.

இ. முதல் தனியார் கல்லூரியின் அடித்தளக் கல்வி: 18,000 ரிங்கிட், 12 மாதம், வாய்ப்பு குறைவு, உடனே வேலை கடினம்.

ஈ. இரண்டாவது தனியார் கல்லூரியின் அடித்தளக் கல்வி, அதாவது முன்பணம் கட்டிய இடம்: 24,000 ரிங்கிட், 12 மாதம், வாய்ப்பு குறைவு, உடனே வேலை கடினம்.

உ. தனியார் டிப்ளோமா: 32,000 ரிங்கிட், 30 மாதம், வாய்ப்பு நடுத்தரம், உடனே வேலைக்குப் போகலாம்.

இப்போது இரண்டிரண்டாக ஒப்பிடுங்கள். ஆ-வையும் அ-வையும் பாருங்கள். ஆ-வில் செலவு குறைவு, காலமும் குறைவு, மற்ற இரண்டும் சமம். எனவே அ விழுந்தது. ஆ-வோடு ஒப்பிட்டால் இ-யும் ஈ-யும்கூட விழுகின்றன. உ மட்டும் விழவில்லை. அது விலை கூடியது, காலமும் அதிகம். ஆனாலும் உடனே வேலை என்ற ஒன்றில் அது முந்துகிறது. ஒரே ஒன்றில் முந்தினாலும் அதை இந்த விதியால் தள்ள முடியாது. இதை நினைவில் வையுங்கள்.

ஐந்து தெரிவு இரண்டாகிவிட்டது. ஆனால் தங்கையின் முகத்தில் நிம்மதி இல்லை.

"என்னம்மா, இன்னும் ஏதோ இருக்கா?" என்றேன்.

"அம்மாவுக்கு வாரத்துல மூனு நாள் டயாலிசிஸ், அண்ணா. நான்தான் கூடப் போறேன். மெட்ரிகுலேஷன்னா ஹாஸ்டல்ல தங்கணும்."

எழுதாமல் விட்ட அளவுகோல்

பாருங்கள், அவருக்கு மிக முக்கியமான அளவுகோல் தாளில் இல்லவே இல்லை! விளம்பரத் தாள்களில் அது இருக்காது. அதனால் நாங்களும் எழுதவில்லை.

ஐந்தாவதாக 'வீட்டோடு நெருக்கம்' என்று எழுதினோம். அ-வுக்குப் பயணம் 15 நிமிடம். இ-க்கு அரை மணி நேரம். ஈ-க்கும் உ-வுக்கும் ஒரு மணி நேரம். ஆ-வுக்கு விடுதி. உடனே அ-வும் இ-யும் உயிர்த்தெழுந்தன. இப்போது ஆ அவற்றை மேலோங்கவில்லை, ஏனென்றால் ஓர் அளவுகோலில் அது பின்தங்கிவிட்டது.

ஆனால் ஈ? அது எழவில்லை. இ-யைவிடச் செலவு அதிகம், தூரமும் அதிகம், மற்ற மூன்றும் சமம். இந்த ஐந்து அளவுகோலில் எதைப் பெரிதாக நினைத்தாலும் ஈ முதலிடத்துக்கு வராது.

"அப்ப அந்த 500 ரிங்கிட்?" என்றார் தங்கை. நியாயமான கேள்வி. முன்பணம் கட்டணத்தில் கழிக்கப்படும் என்றே வைத்துக்கொள்வோம். இனி ஈ-க்குக் கட்ட வேண்டியது 23,500. இ-க்கு 18,000. இன்னும் 5,500 ரிங்கிட் அதிகம். போன 500-ஐக் காப்பாற்ற 5,500-ஐக் கூடுதலாகக் கொடுப்பதா? திருப்பிக் கேட்டுப் பார்க்கலாம். கிடைக்காவிட்டால் அதோடு விட்டுவிட வேண்டியதுதான்.

நசிகேதன் செய்ததும் இதுதான்

கிருஷ்ண யஜுர் வேதத்தைச் சேர்ந்த கடோபநிடதத்தில் வரும் நசிகேதனை நம் வகுப்பில் படித்திருப்பீர்கள். மரணத்துக்குப் பின் என்ன என்று சிறுவன் யமனிடம் கேட்கிறான். யமனோ, "அதை விடு, வேறு கேள்" என்று செல்வம், யானைகள், குதிரைகள், நிலம், நீண்ட ஆயுள் எல்லாவற்றையும் காட்டுகிறான். உலக அளவுகோல்களில் வைத்துப் பார்த்தால் யமன் கொடுப்பதே எல்லாவற்றிலும் மேலோங்குகிறது. ஒரு பதிலைவிட ஒரு ராஜ்யம் பெரிதல்லவா?

நசிகேதன் ஓர் அளவுகோலைச் சேர்க்கிறான்: இவை நிலைக்குமா? அந்த ஒன்று சேர்ந்ததும் யமனின் பரிசுகளுடைய மேலோங்கல் உடைந்துபோகிறது. இனிமையானது பிரேயஸ், நன்மையானது சிரேயஸ். இரண்டும் மனிதன் முன் வருகின்றன, அறிவுள்ளவன் அவற்றைப் பிரித்துப் பார்க்கிறான் என்று யமனே பிறகு விளக்குகிறான்.

ஆகவே விதி எவ்வளவு கறாரானதோ, அந்த அளவுக்கு நம் பட்டியலும் நேர்மையாக இருக்க வேண்டும். அளவுகோல் தவறினால் நல்ல தெரிவையும் தள்ளிவிடுவோம். எதையும் அடிப்பதற்கு முன், "நான் சொல்ல வெட்கப்பட்டோ பயந்தோ எழுதாமல் விட்டது எது?" என்று ஒரு நிமிடம் கேளுங்கள்.

மீதம் உள்ளவற்றில் எது?

அ, ஆ, இ, உ நான்கும் நிற்கின்றன. இங்கே மேலோங்கல் விதியின் வேலை முடிகிறது. இனி ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றைப் பெற முடியும். இங்கேதான் வாதமும், பெற்றோரின் அனுபவமும், நம் மதிப்புகளும் தேவை.

இதற்கும் ஒரு வழி உண்டு. 1772-இல் பெஞ்சமின் பிராங்க்ளின் தம் நண்பர் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு எழுதிய கடிதத்தில், ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, சாதகங்களை ஒருபுறமும் பாதகங்களை மறுபுறமும் எழுதி, எடை சமமானவற்றை இருபுறமும் அடித்துவிடச் சொன்னார். மிஞ்சுவதைப் பார்த்தால் முடிவு தெரியும் என்பது அவர் முறை. திருக்குறளில் 'தெரிந்து செயல்வகை' என்ற 47-ஆம் அதிகாரமும் அழிவதையும், ஆவதையும், அதனால் பின்னர் வரும் ஊதியத்தையும் எண்ணிச் செய்யச் சொல்லித்தான் தொடங்குகிறது.

அ-வையும் இ-யையும் அப்படி எடுத்துக்கொண்டோம். இ-யில் ஆறு மாதம் மிச்சம். அதற்கு விலை 15,000 ரிங்கிட், அரசுப் பல்கலைக்கழக வாய்ப்பும் குறைகிறது. "ஆறு மாசத்துக்கு அப்பா எத்தனை டிரிப் ஓடணும்?" என்று தங்கையே கேட்டுவிட்டு இ-யை அடித்தார். இது மேலோங்கல் அல்ல, அவருடைய மதிப்பீடு. வேறொருவர் வேறுமாதிரி முடிவெடுக்கலாம். உ-வையும் அப்படித்தான் அவர் விட்டார். பட்டப்படிப்புவரை போகத்தான் அவருக்கு ஆசை.

கையில் இல்லாத தெரிவு

இன்னொரு சிக்கல். மெட்ரிகுலேஷனுக்கு விண்ணப்பம்தான் போட்டிருந்தார். இடம் இன்னும் கிடைக்கவில்லை. பதில் வரும்வரை வீட்டில் காத்திருப்பதா, படிவம் ஆறில் பதிவதா?

இங்கேயும் மேலோங்கல் உதவும். 'கிடைத்தால்', 'கிடைக்காவிட்டால்' என்ற இரண்டு நிலைகளையும் அளவுகோல்களாக வையுங்கள். இடம் கிடைக்காவிட்டால், பதிந்தவர் பாடத்தில் முந்தியிருப்பார். கிடைத்தால், படிவம் ஆறிலிருந்து விலகிப் போகலாம். சீருடை, புத்தகம் என்று ஒரு சிறு செலவு வீணாகும். கறாராகப் பார்த்தால் அதனால் இது முழு மேலோங்கல் இல்லை. ஆனால் கிட்டத்தட்ட மேலோங்கல்தான். அந்தச் சிறு செலவுக்காக வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல.

ஓர் எச்சரிக்கை

தோற்ற தெரிவு சும்மா கிடக்காது, நம் மனத்தில் வேலை செய்யும். ஜோயல் ஹூபர், ஜான் பெய்ன், கிறிஸ்டோபர் பூட்டோ ஆகிய மூவர் 1982-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. இரண்டு பொருள்களுக்கு நடுவே, அவற்றில் ஒன்றைவிட மட்டும் தெளிவாக மட்டமான மூன்றாவது பொருளை வைத்தால், அந்த ஒன்றை வாங்குகிறவர் கூடுகிறார்கள். மட்டமானதை யாரும் வாங்க வேண்டியதில்லை. பக்கத்தில் இருந்தாலே போதும், மற்றது 'நல்ல விலை'யாகத் தெரியும். ஆகவே தள்ள வேண்டியதைத் தள்ளிய பிறகு, அது பட்டியலில் இருந்ததையே மறந்துவிட்டு மீதியை ஒப்பிடுங்கள்.

பிறகு என்ன ஆனது?

தங்கை அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துப்போய் மேசையில் வைத்தார். அப்பா ஈ-யைப் பார்த்துவிட்டு, "ஐநூறு போனா போகட்டும்மா," என்றாராம். அம்மாதான் ஐந்தாவது அளவுகோலில் விரல் வைத்து, "இத என்கிட்ட கேக்காம எழுதிட்டியா? சித்தி ரெண்டு நாள் வரேன்னு சொல்லியிருக்கா," என்றாராம். ஒரு நாளுக்கு மட்டும் இன்னும் ஆள் கிடைக்கவில்லை. இப்போது தங்கை படிவம் ஆறில் படிக்கிறார். மெட்ரிகுலேஷன் பதில் வந்தால் குடும்பமாக மறுபடி உட்கார்ந்து பேசுவார்கள். தூக்கம் வருகிறது என்றார்.

குழுவில் கலந்துரையாட

1. உங்கள் இயக்கக் கிளையின் அடுத்த முகாமுக்கு மூன்று இடங்களை எழுதுங்கள். அளவுகோல்கள் என்னென்ன? எந்த இடமாவது மேலோங்கப்படுகிறதா?

2. பணமோ நேரமோ ஏற்கெனவே போட்டுவிட்டதால் நீங்கள் விட முடியாமல் வைத்திருக்கும் தெரிவு ஒன்றைச் சொல்லுங்கள். இனி ஆகப்போகும் செலவை மட்டும் பார்த்தால் அது நிற்குமா?

3. உங்கள் முடிவில் நசிகேதன் சேர்த்த அளவுகோலைச் சேர்த்துப் பாருங்கள். பட்டியல் மாறுகிறதா?