விழுந்த சீட்டின் நினைவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

விடுதித் தோழிகளோடு போக்கர் ஆட ஆரம்பித்திருக்கிறாய். நல்ல சீட்டு வந்தும் தோற்றுப்போகிறாய். எப்படித் தேறுவது என்று கேட்டாய். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். ஒரு மாதம் போக்கரை ஒதுக்கிவைத்துவிட்டு ரம்மி ஆடு.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் இந்த ஊரிலேயே இருக்கிறது. செகந்திராபாத் கிரெசென்ட் ரிக்ரியேஷன் கிளப்பில் ரம்மி ஆடியவர்களைப் போலீஸ் பிடித்தது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1967 நவம்பரில் நீதிபதி ஹிதாயத்துல்லா தீர்ப்புச் சொன்னார். மூணு சீட்டு முழுக்க அதிர்ஷ்டம். ரம்மி அப்படி இல்லை. எந்தச் சீட்டு விழுந்தது என்று நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்ற திறமை வேண்டும் என்றார். சீட்டைக் கலைத்துப் போடும்போது வருகிற அதிர்ஷ்டம் பிரிட்ஜிலும்தானே இருக்கிறது என்பது அவர் வாதம். சட்டத்துக்காக எழுதியதுதான். ஆனால் புதிதாக ஆட வருகிறவர்களுக்கு அதைவிட நல்ல பாடம் நான் படித்ததில்லை.

இதை வைத்துக்கொண்டு பணம் கட்டி ஆடலாம் என்று மட்டும் நினைத்துவிடாதே. தெலங்கானா 2017-லேயே சட்டத்தைத் திருத்தி, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மியையும் தடை செய்துவிட்டது. ஆன்லைன் பண விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடுக்கும் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நீங்கள் பட்டாணி வைத்து ஆடுவதாகச் சொன்னபோது எனக்கு மனசு நிறைந்தது. அப்படியே இருக்கட்டும்.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன். ரம்மிக்கு இரண்டு கட்டு. ஆகவே ஒவ்வொரு சீட்டும் இரண்டு. உன் கையில் இஸ்பேடு 5, 7 இருந்தால் நீ காத்திருப்பது 6-க்கு மட்டும். ஜோக்கரை விட்டுவிட்டால், உனக்கு உதவுகிறவை இரண்டே சீட்டு. அதுவே 5, 6 என்றால் 4 வந்தாலும் சரி, 7 வந்தாலும் சரி: நான்கு சீட்டு. அந்த இரண்டு 6-ம் ஏற்கெனவே கீழே விழுந்திருந்தால் 5, 7-ஐக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது வீண். விழுந்ததைக் கவனிக்காதவனுக்கு இது தெரியவே தெரியாது.

போக்கரிலும் இதே கணக்குத்தான். நடுவில் மூன்று சீட்டு திறந்தபின், உன் இரண்டையும் சேர்த்து ஐந்து சீட்டு உனக்குத் தெரியும்; தெரியாதவை 47. தொடர் வரிசைக்கு இரண்டு ஓரமும் திறந்திருந்தால் எட்டுச் சீட்டு உதவும். அடுத்த சீட்டிலேயே அமைய ஏறக்குறைய 17 சதவீத வாய்ப்பு. நடுவில் ஓட்டை என்றால் நான்குதான், அதில் பாதி. பட்டாணியைத் தள்ளுவதற்கு முன் இதை மனசுக்குள் எண்ணிப் பார். நீ தோற்றதாகச் சொன்ன ஆட்டங்களில் பாதியாவது ஓட்டைக்குக் காத்திருந்ததாக இருக்கும்.

அடுத்தது ஸ்கூட், அதாவது ஆட்டத்தை விட்டுச் சீட்டை வைத்துவிடுவது. எங்கள் கணக்கில் தொடக்கத்திலேயே சீட்டை வைத்துவிட்டால் 20 புள்ளி தண்டம், நடுவில் வைத்தால் 40, கடைசிவரை பிடித்துத் தோற்றால் 80 வரை போகும். உன் வயதில் நான் இரண்டு ஜோக்கரை மட்டும் நம்பி, ஜோக்கர் இல்லாத வரிசையான ஒரிஜினல் ரம்மி சேராமலேயே விடாப்பிடியாக உட்கார்ந்து, ஒரே ராத்திரியில் மூன்று முறை 80 வாங்கினேன். கை நன்றாக இல்லை என்பது முதல் சுற்றிலேயே எனக்குத் தெரியும். வைத்துவிட மனசு வரவில்லை, அவ்வளவுதான். போக்கரில் வருகிற கைகளில் பெரும்பாலானவற்றை ஆரம்பத்திலேயே வைத்துவிட வேண்டியிருக்கும். அதைக் கோழைத்தனம் என்று நினைக்காதே.

ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் ஒரு நோட்டில் குறித்து வை. ஜெயித்தாயா என்பது வேண்டாம். எந்த இடத்தில் என்ன தெரிந்து என்ன முடிவெடுத்தாய் என்று எழுது. தப்பாக ஆடி ஜெயித்ததை அடையாளம் காண்பதுதான் ரொம்பக் கஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை மாரேட்பள்ளிக்கு வா, இரண்டு கட்டு எடுத்து வைக்கிறேன். பெரியம்மாவும் உட்காருவாள். நீ எடுத்த சீட்டும் கழித்த சீட்டும் ஆட்டம் முடியும்வரை அவளுக்கு மறக்காது. அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, அவள் எதைக் கழிக்கத் தயங்குகிறாள் என்று மட்டும் கவனி.

அன்புடன்,
பெரியப்பா