புழுக்கை சுத்தமாக இருந்தால் வயிற்றில் புழு இல்லையா?

“புழுக்கையைப் பார்த்துட்டேன், சுத்தமா இருக்கு. புழுவெல்லாம் இல்ல.” ஆடு வளர்ப்பவர்கள் பலர் நம்பிக்கையோடு சொல்வது இது. அப்படிச் சொன்ன பட்டியிலேயே மழைக்காலம் முடிவதற்குள் குட்டிகள் ஒவ்வொன்றாக விழுவதும் நடக்கிறது.

புழுக்கையில் வெறும் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் நாடாப்புழுவின் துண்டுகள். சோற்றுப் பருக்கை போல வெள்ளையாக ஒட்டியிருக்கும். பார்த்ததும் பதறிப்போய் மருந்து வாங்க ஓடுவார்கள். ஆட்டின் குடலில் இருக்கும் அந்த நாடாப்புழுவால் பொதுவாகப் பெரிய கெடுதல் இல்லை. உயிரை வாங்குவது ஹீமாங்கஸ் என்ற உருண்டைப்புழு. அது நாலாவது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கிறது. ஒரு புழு நாளொன்றுக்குச் சுமார் 0.05 மி.லி. குடிக்கும், 1,000 புழுக்கள் இருந்தால் தினமும் 50 மி.லி. ரத்தம் போகும். ஒரு பெண் புழு தினமும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். புழுக்கையோடு வெளியே வருவது அந்த முட்டைகள்தான். அவற்றைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும்.

“கழிச்சலே இல்லையே, புழு எப்படி இருக்கும்?” என்பார்கள். ஹீமாங்கஸ் தாக்கிய ஆடு பெரும்பாலும் கழியாது, வெளுக்கும். கீழ் இமையை விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். நல்ல ஆட்டுக்கு உள்பக்கம் சிவந்திருக்கும். ரத்தம் குறையக் குறைய ரோஸாகி, கடைசியில் காகிதம் போல வெளுத்துவிடும். தென்னாப்பிரிக்காவில் இதற்கென்றே ஐந்து நிறப் படிகள் கொண்ட ஓர் அட்டையை உருவாக்கினார்கள். மேய்ந்து திரும்பும்போது தாடைக்கு அடியில் நீர் கோத்துத் தொங்கினால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். ஆனால் தட்டைப்புழுவும் உண்ணியும்கூட ஆட்டை வெளுக்க வைக்கும். அதனால் இமையைப் பார்த்துச் சந்தேகப்படலாம், முடிவு கட்டக்கூடாது.

சாணத்தைச் சோதித்து “ஒன்றுமில்லை” என்று வந்தாலும் விஷயம் அதோடு முடிவதில்லை. அடர் உப்புக் கரைசலில் கலக்கினால் உருண்டைப்புழு முட்டைகள் மேலே மிதக்கும். அவற்றை எண்ணுவதற்கான மெக்மாஸ்டர் முறை 1939-இல் ஆஸ்திரேலியாவில் வந்தது. தட்டைப்புழு முட்டைகள் கனமானவை, அந்தக் கரைசலில் மிதக்காது. தண்ணீரில் கரைத்துப் படியவிட்டு, அடியில் தங்குவதைப் பார்க்க வேண்டும். இளம் புழுக்களோ முட்டையே இடாது. வற்றும் ஏரிக் கரையில் மேய்ந்த மாடு சில வாரங்களில் நாற்றத்தோடு நீராய்க் கழியும். சாணத்தில் முட்டை இருக்காது. நத்தை வழியே வந்த இளம் தட்டைப்புழுக்கள் அப்போது குடலை அரித்துக்கொண்டிருக்கும். எனவே எங்கே மேய்ந்தது என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சாணத்தைப் போலவே மேய்ச்சல் இடமும் துப்புக் கொடுக்கும்.

“மூணு மாசத்துக்கு ஒருமுறை மருந்து ஊத்திடுறேன்” என்பது இன்னொரு நிம்மதி. ஒரே மருந்தை எடை பாராமல், எல்லா ஆட்டுக்கும் ஊற்றிக்கொண்டே இருந்தால் அதற்குச் சாகாத புழுக்கள் பெருகும். மருந்து கொடுத்த 10 முதல் 14 நாளில் மறுபடி முட்டையை எண்ணினால்தான் வேலை செய்ததா என்று தெரியும். இதைப் பெரும்பாலோர் செய்வதே இல்லை; எனக்குப் பெரிய வருத்தம் அதில்தான்.

பட்டியைக் கூட்டிவிட்டால் போதும் என்பதும் சரியல்ல. ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் ஒரு வாரத்திலேயே முட்டை பொரிந்து, தொற்றக்கூடிய இளம்புழுவாகி, பனி ஈரத்தில் புல் மேல் ஏறி நிற்கும். விடியற்காலை மேய்ச்சலைத் தள்ளிப்போடச் சொல்வது அதனால்தான்.

சோதனைக்குத் தரையில் கிடப்பதை அள்ள வேண்டாம். ஆசனவாயிலிருந்தே புதிதாக எடுத்து, ஆட்டுக்கு ஒரு பை என்று தனித்தனியே கட்டி, குளிர்ச்சியாக வைத்து அன்றே கால்நடை மருந்தகத்தில் சேர்த்துவிடுங்கள். வெயிலில் வைத்தால் முட்டைகள் பொரிந்துவிடும், எண்ணிக்கை தப்பாகிவிடும்.