வீட்டில் இருப்பதைக் கொண்டே பச்சைக் காய்க் கலவை

பினாங்கு வெயிலில் மதியச் சோறு இறங்காத நாள்களில் பச்சைக் காய்க் கலவை வயிற்றுக்கு இதமாக இருக்கும். இதற்கென்று கடைக்குப் போக வேண்டாம். சௌராஸ்தா சந்தையில் வாங்கியதில் மீந்த வெள்ளரிக்காய், கேரட், செங்குவாங், ஒரு துண்டு அன்னாசி போதும். நன்றாகக் கழுவித் துருவினால் பல்செட் அணிந்தவர்களும் சுலபமாக மெல்லலாம். அவித்த கொண்டைக்கடலை ஒரு பிடி சேர்த்தால் பசி தாங்கும். (இனிப்புச் சாறு ஊற்றிய பசெம்போர் இந்தக் கணக்கில் சேராது!)

உப்பில்தான் கவனம் தேவை. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள், அதாவது 1 தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். கிச்சாப், ஊறுகாய், கருவாட்டில் உள்ள உப்பும் இதில் அடங்கும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்புக்குப் பதில் கஸ்தூரி எலுமிச்சை பிழிந்து, கொத்தமல்லி தூவிப் பாருங்கள், குறை தெரியாது.

சுகாதார அமைச்சின் ‘கால், கால், அரை’ முறைப்படி தட்டில் பாதி காய்கறிக்கும் பழத்துக்கும் உரியது. அந்தப் பாதியில் இதைப் பரிமாறுங்கள்.

நறுக்கிய காயை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். சிறுநீரக நோய் உள்ளவர்களும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களும் காய், கீரையின் அளவைக் கூட்டுமுன் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.