விடை பழசாகிவிட்டது என்று யார் சொல்வது?

மெஷ்ஷைத் திருத்திய பிறகு சால்வரை மறுபடி ஓட்டாமல், பழைய விடையையே அறிக்கையில் சேர்த்துவிடுவது சிமுலேஷன் வேலையில் சுலபமாக நடந்துவிடும். வண்ணப்படத்தைப் பார்த்து அது பழசு என்று கண்டுபிடிக்க முடியாது. எந்தக் கோப்பு எதை நம்பியிருக்கிறது என்பதை வேறொன்று கவனிக்க வேண்டும்.

மாடல், மெஷ், விடை எல்லாமே அன்சிஸ் வொர்க்பெஞ்சுக்குள் இருந்தால் அதன் குறியீடுகளே போதும். பச்சை டிக் இருந்தால் சரி. மஞ்சள் மின்னல் வந்தால் மறுபடி ஓட்ட வேண்டும். ஆனால் வெளியே நீங்களே எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்று நடுவில் புகுந்தால், அதில் செய்த மாற்றம் அந்தக் குறிகளில் தெரியும் என்று நம்பாதீர்கள்.

பல மென்பொருள்களைக் கோத்து வேலை செய்பவர்களுக்கு மேக் என்ற கருவி நல்ல துணை. 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் எழுதியது. கோப்புகளின் நேரத்தை ஒப்பிட்டே முடிவெடுக்கிறது. அதன் பலவீனமும் அதுதான். பழைய மெஷ் கோப்பை அதன் பழைய தேதியோடு திரும்ப வைத்தால், எதுவும் மாறவில்லை என்றே நினைக்கும். அபாகஸ் சால்வரின் உள்ளீட்டில் இன்க்ளூட் வரியால் இழுக்கப்படும் மெட்டீரியல் கோப்பையும் மேக்கின் விதியில் நீங்கள்தான் எழுத வேண்டும். விட்டுவிட்டால் அது மாறினாலும் மேக் அசையாது.

இன்னொரு கண்ணி: பாதியில் செத்த அபாகஸ் ஜாபும் ஓடிபி என்ற விடைக் கோப்பை விட்டுச் செல்லும். அது புதியதாக இருப்பதால் வேலை முடிந்தது என்று மேக் கொள்ளும். எனவே ஓடிபியை இலக்காக வைக்காதீர்கள். ஜாபின் நிலையைப் பதியும் எஸ்டிஏ கோப்பின் கடைசியில் வெற்றிகரமாக முடிந்ததென்ற வரி வந்திருந்தால் மட்டும் ஒரு வெற்று அடையாளக் கோப்பை உருவாக்கி, அதையே இலக்காக்குங்கள். எல்சிகே என்ற பூட்டுக் கோப்பு கிடப்பதை வைத்து ஜாப் ஓடுகிறது என்றும் எண்ண வேண்டாம்; மின்சாரம் போய் நின்ற ஜாபும் அதை விட்டுப்போகலாம்.

குழுவாக, பல கணினிகளுக்குக் கோப்புகளை நகலெடுத்து வேலை செய்தால் டிவிசி அல்லது எஸ்கான்ஸ் கருவியின் பக்கம் போவதே என் பரிந்துரை. இவை தேதியை நம்பாமல், உள்ளடக்கத்தின் ஹாஷைக் கணக்கிடுகின்றன. குறிப்புரையில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் மறுபடி ஓட்டச் சொல்லும். பெரிய கோப்புகளுக்கு ஹாஷ் எடுக்க நேரமும் ஆகும். ஆனால் பத்து மணி நேரம் ஓடும் ஜாபுக்கு முன் அது பெரிய செலவல்ல.

எதைத் தேர்ந்தாலும் சால்வரின் பதிப்பு எண்ணை ஒரு சிறு கோப்பில் எழுதி, அதையும் சார்புப் பட்டியலில் சேருங்கள்.