இலங்கைக் கடலடியில் எரிவாயு

எழும்பூரில் புறப்பட்டு, நம் தாம்பரத்தைக் கடந்து, தனுஷ்கோடி வரை ஓடிய ‘போட் மெயில்’ பற்றி நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். 1914-ஆம் ஆண்டு முதல் 1964 டிசம்பர்ப் புயல் வரை, தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, அங்கிருந்து மறுபடியும் ரயிலில் கொழும்பு செல்ல முடிந்தது. தலைமன்னாரை விட்ட ரயில் சற்று நேரத்தில் பேசாலை என்னும் ஊரைக் கடக்கும். கத்தோலிக்க மீனவர் மிகுதியாக வாழும் ஊர் அது. 1974-ஆம் ஆண்டு சோவியத் நாட்டின் உதவியோடு இலங்கை அரசு எண்ணெய் தேடித் துளையிட்டது இந்தப் பேசாலையில்தான்.

விற்கத்தக்க அளவில் அங்கு எண்ணெய் கிடைக்கவில்லை. அதன்பின் அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. இலங்கை தன் நிலத்திலிருந்தோ கடலிலிருந்தோ இதுவரை ஒரு பீப்பாய் எண்ணெயைக்கூட எடுத்து விற்றதில்லை. ஆயினும் அதன் கடலடியில் எரிவாயு இருப்பது ஐயமின்றித் தெரிந்துவிட்டது. தெரிந்தும் ஏன் எடுக்கவில்லை என்பதே நாம் இங்கு ஆராயப் புகுவது.

முதலில் நம் காலடிக் கல்லைப் பார்ப்போம். பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிகளில் கிடைக்கும் கருநீலக் கல்லுக்குச் ‘சார்னோக்கைட்’ என்று பெயர். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஹாலந்து என்பவர் இட்ட பெயர் அது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்கு இந்தக் கல்தான் பயன்பட்டிருந்தது. நம் ஊர்க் கல்லுக்கு, நம் ஊரோடு தொடர்பில்லாத ஒருவர் பெயர் வந்த கதை இது! இக்கல்லின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் வெந்து இறுகியது.

எண்ணெயும் எரிவாயுவும் பிறக்கும் விதம் வேறு. கடலில் வாழும் நுண்ணுயிர்கள் மடிந்து சேற்றில் புதைகின்றன. மேலே மண் படியப் படிய, மிதமான சூட்டில் அவை எண்ணெயாகவும் வாயுவாகவும் மாறுகின்றன. இவற்றைத் தேக்கி வைக்கப் பஞ்சு போன்ற நுண்துளைகளுள்ள மணற்பாறை வேண்டும்; மேலே கசியவிடாமல் மூட இறுகிய களிப்பாறை வேண்டும். இவை யாவும் படிவப்பாறைகளில்தான் அமையும். ஆகவே பல்லாவரத்தில் எவ்வளவு ஆழம் தோண்டினாலும் எண்ணெய் ஊறப்போவதில்லை. இலங்கையின் நிலப்பரப்பிலும் பத்தில் ஒன்பது பங்கு இத்தகைய பழம் பாறைகளே. கண்டியில் நின்று தோண்டினாலும் நம் கதிதான்.

ஆனால் ஒட்டியிருந்த நிலப்பரப்புகள் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பிளந்து விலகியபோது, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே பெரும் பள்ளங்கள் உண்டாயின. அவற்றில் பல கிலோமீட்டர் கனத்திற்கு மண் படிந்தது. ஒன்று காவிரிப் படுகை. நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் தொடங்கி, பாக் நீரிணையின் கீழாக, மன்னார்த் தீவு வரை செல்கிறது. அதன் இந்தியப் பகுதியில்தான் நரிமணம், கோயில்களப்பால் எண்ணெய்க் கிணறுகள் உள்ளன. மற்றொன்று, தெற்கே மன்னார் வளைகுடாவின் அடியிலுள்ள மன்னார்ப் படுகை.

நாடுகளின் எல்லைக்கோடு பாறைக்குத் தெரியுமா? இதை இரு அரசுகளும் முன்பே எண்ணியிருக்கின்றன. கச்சத்தீவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் கேள்விப்படும் 1974-ஆம் ஆண்டு உடன்பாட்டில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு உண்டு. எல்லையின் இருபுறமும் நீளும் எண்ணெய் வயலோ வாயு வயலோ இருக்குமானால், அதை எடுப்பதையும் வருவாயைப் பங்கிடுவதையும் பற்றி இரு நாடுகளும் கலந்து உடன்பாடு காண வேண்டும் என்பதே அது. மன்னார் வளைகுடா எல்லையை வகுத்த 1976 உடன்பாட்டிலும் இதே கருத்து உள்ளது.

2008-இல் மன்னார்ப் படுகையில் ஒரு பகுதி கெய்ர்ன் லங்கா நிறுவனத்திற்கு விடப்பட்டது. 2011 ஆகஸ்டில் துரப்பணம் தொடங்கியது. அக்டோபரில் ‘டொராடோ’ கிணற்றில், 1,300 மீட்டருக்கும் ஆழமான நீரின் அடியில், கடல்மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கும் கீழே, சுமார் 25 மீட்டர் கனமுள்ள வாயுப் படலம் தென்பட்டது. அடுத்த மாதமே ‘பாரக்குடா’ என்ற கிணற்றிலும் வாயு கிடைத்தது. இலங்கைக்கு அதுவரை வாய்க்காத நற்செய்தி. ஆனால் 2015-இல் அந்நிறுவனம் விலகிவிட்டது.

‘வெண்ணெய் இருக்க நெய்க்கு அலைவானேன்?’ என்று நாம் கேட்கலாம். வெண்ணெய் இருக்குமிடம் அப்படி! எண்ணெயாயின் கப்பலில் ஏற்றி எங்கும் விற்கலாம். வாயு அவ்வாறன்று. நம் சமையலறைச் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். சற்று அழுத்தினாலே திரவமாகிவிடும். இயற்கை எரிவாயுவோ பெரும்பாலும் மீத்தேன். அதைத் திரவமாக்க மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். இல்லையேல் கடலடியில் குழாய் பதித்துக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டும் பெருஞ்செலவு. கரையில் வாங்குவோரும் இருக்க வேண்டும். இலங்கையின் அனல் மின்நிலையங்களோ நிலக்கரியையும் எண்ணெயையும் நம்பிக் கட்டப்பட்டவை. குழாய் வந்தால் மின்நிலையத்தை மாற்றலாம் என்று ஒரு பக்கம். மின்நிலையம் வாங்குமென்று உறுதியானால்தான் குழாய் என்று மறுபக்கம். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் என்ற கதையாயிற்று. போதாததற்கு 2014-இன் பிற்பகுதியிலிருந்து உலகச் சந்தையில் எண்ணெய் விலையும் சரிந்தது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மன்னார்ப் படுகையில் இத்தனை கோடி டாலர் வளம் உண்டு என்று அவ்வப்போது வரும் செய்திகள் கணிப்பைச் சொல்கின்றனவே தவிர, கையிருப்பைச் சொல்லவில்லை. வாயு கண்ட கிணறுகள் இரண்டே. பரந்த கடலில் இரண்டு துளைகளை வைத்து நாட்டின் கடனைத் தீர்த்துவிடலாம் என்பது, முதல் மாங்காயைக் கண்டு தோப்பு முழுவதற்கும் விலை பேசுவது போன்றது.

இலங்கையின் சபுகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையமும் நம் மணலி நிலையமும் 1969-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியவை. இரண்டும் ஈரான் நாட்டுக் கச்சா எண்ணெய்க்கென அமைக்கப்பட்டவை. இலங்கை தன் தேவை முழுவதையும் வெளியிலிருந்தே வாங்கிற்று. 2022-இல் அந்நியச் செலாவணி வற்றியபோது, சபுகஸ்கந்தவுக்குக் கச்சா எண்ணெய் வாங்கவே பணமில்லை. பெட்ரோலுக்கும் சமையல் வாயுவுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். வரிசையிலேயே உயிர்விட்ட முதியவர்களும் உண்டு. ஆசிரியரும் மாணவரும் வந்து சேர எரிபொருள் இல்லாததால் பள்ளிகள் மூடப்பட்டன. நம்மைப் போன்ற மாணவியர் பாடமிழந்து வீட்டிலிருந்தனர், தோழியரே! அதே வேளையில் மன்னார்க் கடலடியில் அந்த வாயு அசையாமல் கிடந்தது.

எடுக்கத் தொடங்கினால் எல்லாம் நலமே என்றும் சொல்லிவிட முடியாது. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதியபோது, கரையொதுங்கிய எண்ணெயை வாளிகளால் அள்ளியதை நம் சென்னை கண்டது. மீன் வாங்க ஆளில்லாமல் மீனவர் தவித்தனர். முத்துக்குப் பேர்பெற்றதும், கடற்பசு மேய்வதுமான மன்னார்க் கடலை நம்பிப் பிழைப்போர் இரு கரையிலும் உள்ளனர். பேசாலை மீனவரிடம் கேட்டால், அவர் முதலில் தம் வலையைப் பற்றித்தான் பேசுவார். அது நியாயமும் ஆகும்.

மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் 30 காற்றாலைகள் திறக்கப்பட்டன. சுமார் 100 மெகாவாட் மின்சாரம் தரவல்லவை. அவற்றாலும் மீன்வளமும் பறவைகளும் பாதிக்கப்படும் என்ற குறை அவ்வூர் மக்களுக்கு உண்டு. 1974-இல் எண்ணெய் தேடித் துளையிட்டதும் அதே தீவில்தான். தெற்கே டொராடோவின் வாயு இன்னமும் கடலடியிலேயே இருக்கிறது.