கத்தி தீட்டுவதில் ஒரு கணக்கு: பாதி, மூணில் ஒண்ணு, நாலில் ஒண்ணு

கவாத்துக்கு ஆள் கிடைக்கறதில்லை என்பது திருப்பூர் மாவட்டத்து உழவர்கள் எல்லோருக்கும் உள்ள குறை. பனியன் கம்பெனிக் கூலியோடு நாம் போட்டி போட முடியாது. வந்த ரெண்டு ஆள் கையிலும் மழுங்கின கொடுவாளைக் கொடுத்தால் அரைநாள் வேலை முழுநாளாகும். ஒரே வெட்டில் விழ வேண்டிய முருங்கைக் கிளை நாலு வெட்டில் விழும். பட்டை கிழிந்து தொங்கும். பிய்ந்த காயம் ஆற நாளாகும், கிருமிக்கும் அதுவே வாசல். மருந்தடிக்காத நம்ம தோட்டத்தில் சுத்தமான வெட்டுதான் முதல் பயிர்ப் பாதுகாப்பு.

மழுங்கின கருவி கையையும் பதம் பார்க்கும். வெட்டு இறங்காதபோது நாம் பலத்தைக் கூட்டுகிறோம். கத்தி வழுக்கி கால் பக்கம் வந்துவிடும்.

கூர் என்றால் என்ன?

ரெண்டு சரிவுகள் ஒரு கோட்டில் சந்திப்பதுதான் கூர். அந்தச் சரிவு கத்தியின் நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு எத்தனை பாகை என்பதே தீட்டும் கோணம். கோணம் சிறிதானால் சுலபமாக இறங்கும், ஆனால் வாய் மெலிசு. கட்டை மேல் பட்டால் மடங்கும் அல்லது பல்லுப் பல்லாக உடையும். கோணம் பெரிதானால் அடி தாங்கும், ஆனால் இறங்க மறுக்கும். ரெண்டையும் ஒரே கருவியில் வாங்க முடியாது. எந்த வேலைக்கு எந்தக் கருவி என்று பிரித்து வைப்பதே புத்திசாலித்தனம்.

* காய்கறி, கீரை அறுக்கும் கத்தி: பக்கத்துக்கு 15 பாகை.
* தீவனப்புல் அறுக்கும் கருக்கில்லாத அரிவாள்: சுமார் 20 பாகை.
* கொரங்காட்டுக் கிளுவை வேலி, கிளைரிசிடியா, அகத்தி வெட்டும் கொடுவாள்: 25 பாகை.
* காய்ந்த வேலமரம், தென்னை மட்டை வெட்டும் கொடுவாள்: 30 பாகை.

கோணமானி வேண்டாம்

வங்கியில் கணக்குப் பார்த்தே தலை நரைத்தவனுக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும். கத்தியின் வாயிலிருந்து முதுகு வரை அகலத்தை அளந்துகொள்ளுங்கள். வாயைக் கல் மேல் வைத்து, முதுகைத் தூக்குங்கள். கல்லிலிருந்து முதுகின் நடுவரை உள்ள உயரம்:

* அகலத்தில் பாதி என்றால் 30 பாகை.
* மூணில் ஒண்ணு என்றால் ஏறக்குறைய 20 பாகை.
* நாலில் ஒண்ணு என்றால் ஏறக்குறைய 15 பாகை.

60 மில்லிமீட்டர் அகலக் கொடுவாளுக்கு முதுகு 30 மில்லிமீட்டர் உயரணும். 30 மில்லிமீட்டர் அகலக் காய்கறிக் கத்திக்கு ஏழரை போதும். 25 பாகை வேண்டுமானால் பாதிக்கும் மூணில் ஒண்ணுக்கும் இடையில் நிறுத்துங்கள். அந்த உயரத்துக்கு ஒரு மரத்துண்டு சீவி வைத்துக்கொண்டு அடிக்கடி சரிபார்த்தால், கொஞ்ச நாளில் கைக்கே உயரம் பழகிவிடும்.

தீட்டும் முறை

1. ஒரு பக்கம் கரடும் மறுபக்கம் நைசுமாக உள்ள கார்போரண்டம் கல் போதும். தண்ணீரில் நனைத்து, அசையாமல் வையுங்கள்.

2. வாய் ஓரச் சரிவில் மார்க்கர் பேனாவால் மை பூசி நாலு இழுப்பு இழுங்கள். மை முழுக்கப் போனால் கோணம் சரி. மேல்பக்க மை மட்டும் போனால் முதுகு தாழ்ந்திருக்கு. நுனி மை மட்டும் போனால் முதுகு உயர்ந்திருக்கு.

3. ஒரு பக்கம் தீட்டத் தீட்ட மறுபக்கம் மெல்லிய பிசிறு எழும். விரலை வாயின் நீளத்துக்கு ஓட்டாமல், முதுகிலிருந்து வாய்க்கு வெளியே தடவினால் தட்டுப்படும். வாய் நெடுக பிசிறு வந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது.

4. மறுபக்கமும் அப்படியே. பிறகு நைசுப் பக்கத்தில் ரெண்டு பக்கமும் மாறி மாறி லேசாக இழுத்தால் பிசிறு போகும். பனியனுக்குப் பிசிறு வெட்டுவது போல, இது கடைசி வேலை; விட்டால் சரக்கு தேறாது.

கொடுவாளின் வளைந்த மூக்கு கல்லில் படியாது. கருவியைக் கட்டையில் அழுத்திப் பிடித்து, கல்லைக் கையில் எடுத்துத் தேயுங்கள். மை சோதனை இங்கேதான் ரொம்ப உதவும்.

ஒரு பக்கச் சரிவுக் கருவிகள்

கவாத்துக் கத்திரிக்கு வெளிப்பக்கம் மட்டும்தான் சரிவு. தட்டைப் பக்கத்தைச் சரிவாகத் தீட்டினால் இரு அலகுக்கும் இடையே சந்து விழுந்து குச்சி நசுங்கும். அங்கே கல்லைப் படுக்க வைத்துப் பிசிறு மட்டும் எடுங்கள். ஒருபக்கம் தட்டையான ஒட்டுக்கட்டும் கத்திக்கும் இதே விதி. தட்டைப் பக்கம் சமமாக இருந்தால்தான் வெட்டு சமமாக விழுந்து ஒட்டு சேரும். கருக்கரிவாளைத் தட்டைக் கல்லில் குறுக்காகத் தேய்த்தால் கருக்கு போய்விடும். அதைக் கொல்லரிடம் கொடுத்துக் கருக்கு வெட்டிக்கொள்வதே நல்லது.

மின்சாணையில் கவனம்

வேகச் சாணையில் அழுத்திப் பிடித்தால் வாய் ஓரம் நீலமாகும். அந்த இடம் சுமார் 300 பாகை செல்சியஸ் வரை சூடேறிவிட்டது என்று அர்த்தம். கொல்லர் ஏற்றிய பதம் அங்கே இறங்கி இரும்பு மென்மையாகும். எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. உடைந்த வாயைச் சரிசெய்ய மட்டும் சாணைக்குக் கொடுங்கள். ஒவ்வொரு தொடுதலுக்கும் தண்ணீரில் முக்கச் சொல்லுங்கள்.

பல வருசம் தேய்ந்த கொடுவாளின் வாய் முதுகுப் பக்கம் ஏறியிருக்கும். அங்கே இரும்பு தடிமன் என்பதால், கோணம் சரியாக இருந்தும் வெட்டு இறங்காது. அதைக் கொல்லரிடம் கொடுத்து வாயைத் தட்டி மெலிசாக்கிப் பதம் போட்டு வாங்க வேண்டும்.

தினமும் கொஞ்சம்

திருப்பூர் கட்டிங் டேபிளில் துணி வெட்டும் எந்திரக் கத்தியைப் பாருங்கள். மழுங்கும்வரை விடமாட்டார்கள், எந்திரத்திலேயே உள்ள தீட்டுப்பட்டையை அடிக்கடி தொட்டுவிடுவார்கள். கூர் போனால் துணி இழுபடும், அளவு தப்பும். நம்ம முன்னோர் வெங்கச்சாங்கல் பொடியைத் தூவி மரக்கட்டையில் தீட்டியதும் இதே வழிதான். "தீட்டின மரத்திலேயே கூர் பார்ப்பது" என்று நன்றி கெட்டவரைச் சொல்வது அந்தக் கட்டையை வைத்துத்தான்.

காலையில் வேலைக்கு முன் நைசுக் கல்லில் பக்கத்துக்குப் பத்து இழுப்பு. மாலையில் பால், பிசின் துடைத்து, வாய்க்குத் துளி எண்ணெய். இவ்வளவு செய்தால் கரடுப் பக்கத்துக்கு எப்போதாவதுதான் வேலை வரும். இந்த வாரம் வீட்டில் உள்ள கத்தி, அரிவாள், கொடுவாளை எல்லாம் எடுத்து அகலம் அளந்து, முதுகு எவ்வளவு உயரணும் என்று கைப்பிடியிலேயே எழுதி வையுங்கள். தீட்டப்போகிறவர் யாரானாலும் கணக்கு கையிலேயே இருக்கும்.